விழக்கூடாது என்கிற அன்பு

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த மருத்துவமனை வார்டுக்குப் போனாலும் பார்வையாளர் நேரத்தில் இது காதில் விழும்: "எழுந்திரிக்காதீங்க பாட்டி, விழுந்துடப் போறீங்க." மகள் சொல்லலாம், மிஸ்ஸி சொல்லலாம். அன்பில்லாமல் யாரும் சொல்வதில்லை. எனக்குச் சிக்கலே அங்கேதான்.

2007இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. நோய் எதுவும் இல்லாத, சராசரி வயது 67 உள்ள சிலரை 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. இவர்கள் வேளாவேளைக்கு அளந்து சாப்பிட்டவர்கள். காய்ச்சலும் சளியுமாய், பசி செத்துப் படுத்திருப்பவரின் கதி? அழற்சி ஒரு பக்கம் தசையைக் கரைக்கிறது. நாம் பாசத்தோடு தூக்கிப்போகும் கஞ்சியிலும் மைலோவிலும் அதை ஈடுகட்டும் அளவுக்குப் புரதம் இல்லை. நடந்து வந்தவர் நிமோனியா குணமாகி, சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். "வயசாயிடுச்சுல்ல" என்று முடித்துக்கொள்கிறோம். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் படுக்கையின் ஆபத்துகளை 1947லேயே எழுதிவிட்டார். முதுமையில் தசை இழப்பதற்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க வேர்களைப் பிரித்தால் சதையின் வறுமை. நல்ல பெயர்தான், வறுமையைப் போலவே இதற்கும் குற்றவாளி கிடைப்பதில்லை.

பாட்டி கட்டிலிலிருந்து விழுந்தால் அதற்கு நேரம் உண்டு, சாட்சி உண்டு, அறிக்கை உண்டு, "யார் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்ற கேள்வி உண்டு. தொடை கரைவதற்கு இதில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் நாம் தடுப்பது அவர் விழுவதையா, நம்மேல் விழும் பழியையா?

இதை நர்ஸ்களின் தலையில் கட்டுவது அநியாயம். இரவில் ஒருவர் எத்தனை கட்டிலுக்கு ஓடுவார்? இடுப்பெலும்பு முறிவும் சாதாரண விஷயமில்லை. அதிலிருந்து மீளாதவர்கள் நிறைய. மருந்து மயக்கத்தில் இடம் பொருள் தெரியாமல் எழுந்து ஓடப் பார்ப்பவரிடம் 'உங்க விருப்பம்' என்று ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

ஆனால் புத்தி தெளிவாக இருக்கும் கிழவி "கக்கூஸுக்கு நானே போறேன்" என்கிறாள். நாம் பேம்பர்ஸ் கட்டிவிடுகிறோம். விடியாத இருட்டில் நெற்றிவிளக்கோடு பால்மரக் காட்டுக்குள் போய், நாளைக்குச் சில நூறு மரம் சீவிய கால்கள் அவை. மேட்டிலும் பள்ளத்திலும் எத்தனையோ தடவை வழுக்கி விழுந்திருப்பாள், யாரும் அறிக்கை எழுதவில்லை. அவளுடைய ஆபத்தை அவளுக்குப் பதிலாக வேண்டாமென்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது வந்தது? வேட்டிக்கும் சேலைக்கும் பதில் வார்டு உடுப்பு மாட்டியதிலிருந்தா?

பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் டாக்டரிடமும் பிசியோவிடமும் கேட்டுக்கொண்டு, பார்வையாளர் நேரத்தைப் பங்கு போட்டது. பழம் உரித்துக் கொடுப்பதற்கு அல்ல. ஒருவர் டிரிப் கம்பியைத் தள்ள, இன்னொருவர் கைத்தாங்கலாகப் பிடிக்க, தாத்தா சன்னல்வரை போய் கார் பார்க்கிங்கை எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டு வருவார். கூடுதலாக வாங்கியது வழுக்காத ஒரு ஜோடி செருப்பு.