நீலாஞ்சனையின் நடனமும் நம் இல்லத்துக் குழந்தைகளும்



காஞ்சி மாநகரை அடுத்து, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றத்தை நம் முன்னோர் ஜினகாஞ்சி எனப் போற்றினர். அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தில் சங்கீத மண்டபம் ஒன்று உள்ளது. விஜயநகர அரசின் அமைச்சராய் விளங்கிய இருகப்பர், தம் ஆசான் புஷ்பசேன முனிவரின் விருப்பத்திற்கிணங்க அதனை 1387-88இல் கட்டுவித்தார். அதன் விதானத்தில் விருஷப தேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் ஓவியங்களாகத் தீட்டப்பெற்றுள்ளன.

நம் சமயம் கலையைப் பகைப்பதன்று என்பதற்கு அம்மண்டபமே சான்று. இசைக்கு ஆலயத்திற்குள்ளேயே இடம் அமைத்துக் கொடுத்தனர்; ஓவியத்திற்கு விதானத்தையே வழங்கினர். ஆனால், இடத்தோடு காலத்தையும் அளவையும் சேர்த்தே கொடுத்தனர். அந்த அளவு இன்று நம் இல்லங்களில், குறிப்பாகக் குழந்தைகளின் வாழ்வில், எங்ஙனம் மறைந்து வருகிறது என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கப்பெற்றது. பின்னர் வெள்ளிக்கிழமை தோறும் வந்த ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்காக வீடே காத்திருந்ததை நம்மில் பலர் அறிவோம். அன்று காத்திருத்தல் இருந்தது. அதனினும் மேலாக, முடிவு இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் குழந்தை எழுந்து சென்றது. இன்றோ, 2016க்குப் பின் இணைய வசதி மலிந்து, கைப்பேசி இல்லாத வீடே அரிதாயிற்று. பேச்சு வாராத குழந்தையும் விரலால் தொட்டு, வேண்டிய படத்தை வேண்டிய நொடியில் பெறுகிறது. ஒரு படம் முடிந்த சில நொடிகளில் அடுத்த படம் தானே தொடங்குகிறது. முடிவு என்பதே குழந்தையின் கண்ணில் படுவதில்லை.

இதனைக் காணும்போது, ஆதிபுராணமும் ஸ்ரீபுராணமும் கூறும் நீலாஞ்சனையின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. விருஷப தேவரின் ஆயுள் 84 இலட்சம் பூர்வம். அதில் 83 இலட்சம் பூர்வம் போகத்திலும் அரசாட்சியிலும் கழிந்தது. அவருக்குத் துறவுக் காலம் நெருங்கியதை அறிந்த இந்திரன், ஆயுள் முடியும் தறுவாயிலிருந்த நீலாஞ்சனை என்னும் தேவமங்கையை அவர் அவையில் ஆடச் செய்தான். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஆயுள் தீர்ந்து மின்னல் போல் மறைந்தாள். அவையின் சுவை குன்றலாகாது என்று கருதிய இந்திரன், அந்நொடியே அவளை ஒத்த மற்றொருத்தியை அவ்விடத்தில் நிறுத்தினான். தாளம் தவறவில்லை, அவையோர் எவரும் ஏதும் அறிந்திலர். விருஷப தேவர் ஒருவரே, ஒருத்தி மறைந்ததையும் மற்றொருத்தி வந்ததையும் அவதி ஞானத்தால் உணர்ந்தார். வைராக்கியம் பிறந்தது.

அன்பர்களே! ஆட்டம் தீமையானது என்று இவ்வரலாறு கூறவில்லை. முடிவை மறைக்கும் தொடர்ச்சியே மயக்கம் என்றும், முடிவைக் காணும் கண்ணே ஞானத்தின் தொடக்கம் என்றும் கூறுகிறது. இந்திரன் ஒரே ஒருமுறை செய்ததை இன்று நம் கையிலுள்ள கருவி ஒரு மணிக்குள் பன்முறை செய்கிறது. அவையோர் நிலையில் நம் குழந்தைகள் அமர்ந்திருக்கின்றனர். இந்திரனாவது ஞானம் பிறக்கவே அவ்வாறு செய்தான். இக்கருவியோ நம்மை அமர்த்தி வைப்பதற்கே செய்கிறது.

நம் இல்லங்களில் நடைபெறும் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவோம். பொழுது சாய்கிறது. இருட்டுவதற்குள் குழந்தைக்கு உணவூட்டி முடிக்க வேண்டுமே என்று தாய் பதறுகிறாள். குழந்தை வாய் திறக்க மறுக்கிறது. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டியதும் வாய் திறக்கிறது, சோறும் இறங்கிவிடுகிறது. இரவுண்ணா நோன்பு காக்கப்பட்டது என்று மனம் அமைதி கொள்கிறது. ஆனால், அந்நோன்பு எதற்காக? உண்பதை ஒளியில் கண்டு, சிற்றுயிரும் சிதையாதவாறு விழிப்போடு உண்பதற்கன்றோ! தட்டில் உள்ளது சோறா, அப்பமா என்பதும் அறியாமல் விழுங்கும் குழந்தைக்கு வெளியே பகலிருந்து பயன் என்ன? நோன்பின் உடல் காக்கப்பட்டது, உயிர் போயிற்று.

இதற்காகத் தாயை மட்டும் குறை கூறுதல் அறமன்று. அவளும் அலுவலகத்திலிருந்தோ அடுக்களையிலிருந்தோ களைத்து வருபவள். கூடத்தில் அமர்ந்திருக்கும் தாத்தாவும் பாட்டியும் தத்தம் கைப்பேசியில் மூழ்கியிருப்பின், குழந்தை யாரிடம் செல்லும்? ஆதலின், இது வீட்டார் அனைவரும் ஏற்க வேண்டிய நோன்பு.

அந்நோன்பை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் போகோபபோக பரிமாணம் என்பது ஒன்று. துய்ப்பனவற்றிற்கு அளவு வகுத்துக் கொள்வது அது. ஒருமுறை துய்த்துக் கழிவது போகம்; மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டகத்தில் அளவிட வேண்டியவற்றைக் கூறுமிடத்து, உணவு, ஊர்தி, அணிகலன் ஆகியவற்றோடு இசையையும் பாட்டையும் சேர்த்தே கூறியுள்ளார். வாழ்நாள் முழுமைக்கும் விடுவதை யமம் என்றும், ஒரு பகல், ஓர் இரவு, ஒரு மாதம் எனக் கால எல்லையிட்டு விடுவதை நியமம் என்றும் வகுத்தார். குழந்தைக்கு யமம் கூறுவார் இலர், நியமம் கூறலாம். இன்றைய மருத்துவ உலகமும் அளவையே வற்புறுத்துகிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, குறைவாயின் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2019இல் நெறி வகுத்துள்ளது.

அளவை யார் இடுவது என்பதில்தான் நுட்பம் உள்ளது. கையிலிருப்பதைப் பறித்தால் குழந்தை அழுகிறது. அது விரதமன்று, இழப்பு. தானே ஏற்று, தானே முடிப்பதே விரதம். “இந்த ஒரு கதை பார்ப்போம். முடிந்ததும் நீயே அணைத்துவிடு கண்ணே” என்று முன்னரே கூறி, அருகிலமர்ந்து உடன் பார்த்து, முடிந்ததும் அதன் விரலாலேயே அணைக்கச் செய்க. முதல் சில நாள் அழும். நாம் சொல் பிறழாதிருப்பின் பழகிவிடும். அடுத்த படம் தானே தொடங்கும் அமைப்பையும் கருவியில் நிறுத்தி வைக்கலாம். சிறுவர்க்கான யூடியூப் கிட்ஸ் செயலியில் அதனை நிறுத்திய நிலையையே இயல்பாக்குவதாக 2021இல் அந்நிறுவனமே அறிவித்தது.

குழந்தையால் இது இயலுமா என்று ஐயுற வேண்டா. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் அனுபவம் ஒன்று, ஆசிரியப் பயிற்சி பெற்றோர் பலரும் அறிந்ததே. ரோம் நகரில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது முறைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் பாட்டும் கூச்சலும் இருந்தும் கலங்கவில்லை. பின்னர் எவரும் கூறாமல் தானே நிறுத்தி, மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். கையும் மனமும் ஒன்றிய செயலில் நிறைவு வரும். நிறைவு வந்தால் முடிவும் தானே வரும்.

நம் காஞ்சித் தறியும் இதனையே கற்பிக்கிறது. பட்டு நமக்கேற்ற ஆடையா என்பது வேறு வினா. புழுவின் உயிரை எண்ணுவோர் பருத்தியையே நாடுவர். எந்த நூலாயினும், நெசவாளர் உடலை நெய்து, முந்தானையும் நெய்த பின்னரே சேலையைத் தறியிலிருந்து அறுக்கிறார். பாவு நீண்டுகொண்டே இருப்பின் அது எவர்க்கும் ஆடையாகாது. முடிவுள்ளதே பயன்படும்.

அணைத்த பின் என் செய்வது என்னும் வினா எழும். அதற்கும் விருஷப தேவரே வழிகாட்டி. அவர் தம் மகளிர் இருவரையும் மடியிலிருத்தி, பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் கற்பித்தார். உலகின் முதல் பள்ளி ஒரு தந்தையின் மடியே என்பது நம் மரபு. சாமாயிகத்தின் சிற்றளவு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அக்கால அளவை நாள்தோறும் கருவியின்றிக் குழந்தைக்கு அளிப்போம். பஞ்ச நமஸ்காரம் ஒருமுறை, கதை ஒன்று, எஞ்சிய பொழுது மடியும் விளையாட்டும். விடுமுறையில் ஜினகாஞ்சிக்கு அழைத்துச் சென்று, விதானத்தை நிமிர்ந்து பார்க்கச் செய்வோம். அவ்வோவியங்கள் தாமே நகர்வதில்லை. குழந்தைதான் நடந்து நடந்து காண வேண்டும்.

முடிவைக் காணும் கண்ணை நம் குழந்தைகளுக்கு வழங்குவோம். செல்வம் அனைத்தினும் அஃதே அழியாத செல்வம்.

அறம் வளர்க! ஜினதர்மம் வாழ்க!