ஏழரைச் சனியும் பன்னிரண்டு வோல்ற்றும்

காலையில் வாகனம் ஸ்டார்ட் எடுக்காவிட்டால் எங்கள் ஆட்கள் முதலில் சாத்திரியாரிடம் போவார்கள், பிறகுதான் கராஜுக்கு வருவார்கள். போன மாதம் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் என்னிடம் வந்த ஒரு ஐயா, "ஏழரைச் சனி தம்பி, வாகனமும் படுத்திட்டுது" என்றார். பற்றரியில் மீற்றரை வைத்தேன், 12.6 வோல்ற்று. சார்ஜ் நிறைய இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை. பற்றரியின் அமில ஆவி பட்டு, நேர் ரேமினல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. கவ்வியைக் கழற்றி, சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றி, பிரஷால் உரசி இறுக்கினேன். ஒரே திருப்பில் எடுத்தது. "சனி எங்கை ஐயா போனவர்?" என்று கேட்டேன். சிரித்தாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை.

நானும் சைவன்தான். வினை இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று பிரித்துப் பார்க்கப் பழக்கிய சமயம் இது. வினை சடம், தானாக வந்து எவரையும் பற்றாது என்பதும் சித்தாந்தம்தான். அந்த அமில ஆவி வழியாகத்தான் வினை வந்தது என்று யாராவது மடக்கலாம். வரட்டும். அப்படியானால் அதைக் கழுவுகிற கையும் அதே கணக்கில்தானே சேரும்?

என்ஜின் கொதிக்கிறதென்று வருபவர்களும் கிரகத்தைத்தான் நோகிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிய கிணற்றுத் தண்ணீர்தான். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப்படை றேடியேற்றர் குழாய்களிலும் படிந்து அடைக்கும். கூலன்ற் விடச் சொன்னால் காசு கூட என்பார்கள்; பரிகாரத்துக்கு மட்டும் பேரம் இல்லை.

ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று தேங்காய் உடைக்காமல் நானும் போவதில்லை. நிற்கிற நேரத்தில் என்ஜின் ஆறுகிறது, அது தெரியும். பிள்ளையார் அதற்கு மேல் என்ன செய்கிறார் என்று அளக்க என்னிடம் மீற்றர் இல்லை.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் இங்கே வரவில்லை. கார்பரேற்றருக்குள் எப்படியோ கிடைத்த சில துளி பெற்றோல் விட்டு, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரைத் தள்ளி எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். விதியென்று சொல்லிக் கையைக் கட்டியிருக்க அன்றைக்கு எவ்வளவோ நியாயம் இருந்தது. அதே ஆட்களின் பிள்ளைகள் இன்று ஒரு ரேமினலுக்காகச் சாதகம் பார்ப்பதை என்னால் பக்தி என்று ஒத்துக்கொள்ள முடியாது, அது சோம்பல்.

வாகனப் பூசைக்குத் தேசிக்காய் வாங்கும் கையோடு ஒரு கான் கூலன்றும் வாங்குங்கள். றேடியேற்றர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் நூறு பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி கழன்றதும் முகத்தில் அடிக்கும்.