அக்கா சொல்லச் சொன்ன பொய்

சிரம்பான் ஆர் அண்ட் ஆரில் மைலோ வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பியபோதுதான் அக்கா அதைச் சொன்னார். "தம்பி, குறை எனக்கு இல்ல, அவருக்கு. வீட்டுல எல்லார்கிட்டயும் எனக்குன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நீயும் அப்படியே சொல்லிடு." கோலாலம்பூரில் ஒரு கருத்தரிப்புச் சிகிச்சை மையத்துக்கு அன்று அவரை நான்தான் அழைத்துப் போனேன். மாமாவுக்கு ஓவர்டைம். நானும் சரின்னு தலையாட்டிவிட்டேன். (இதை எழுத அக்காவிடம் அனுமதி வாங்கியாச்சு. சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையிலும் கொஞ்சம் பொய் உண்டு.)

பெரியம்மா குடும்பம் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்தது. வீடுதான் மாறியது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் நேர்த்திக்கடன், செவ்வாய்க்கிழமை விரதம், வயிறு உருவிவிடும் மலாய்க்கார மாக்சிக், சீன வைத்தியரின் கசப்புக் கஷாயம், அப்புறம் ஸ்கேன், கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று ஒரு கிண்டல் நம்மிடம் உண்டு. சுற்றுவதும் அவள், தொட்டுப் பார்ப்பதும் அவள், கிண்டலும் அவளுக்கே. அந்தப் பழமொழியில் புருஷனே கிடையாது.

மாமாவின் விந்துப் பரிசோதனை ஐந்தாம் வருடக் கடைசியில்தான் நடந்தது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஒரு சின்னப் புட்டி போதும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோனால் எளிதான சோதனைகளை முடித்துவிட்டுத்தான் உள்ளே திறப்போம். அக்காவை மட்டும் முதலிலேயே திறந்து பார்த்தார்கள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கும் என்பது மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. நம் பேச்சில் மலடி நடமாடுகிறாள். மலடன் அகராதியில் தூங்குகிறான்.

அக்காவுக்குச் சொன்ன சிகிச்சை இக்சி. 1992இல் பிரசல்ஸ் மருத்துவர்கள் வெற்றி கண்ட முறை. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்துவார்கள். ஆணின் குறைக்காகவே வந்தது. ஆனால் முட்டை வேண்டுமே! அதற்குப் பத்து நாள் போலத் தினமும் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து, சினைப்பையிலிருந்து ஊசி வழியாக முட்டையை உறிஞ்சி எடுப்பது. "அவருக்கு நோவு, எனக்கு ஊசி" என்று அக்கா சிரித்தார். 2020ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில், கருத்தரிப்புச் சிகிச்சைக்கு இபிஎஃப் பணத்தை எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். எடுத்தது அக்கா கணக்கிலிருந்து.

குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வள்ளுவர் உண்மையோடு சேர்த்துக்கொள்கிறார். அக்காவின் பொய்யை முதலில் நான் அந்தக் கணக்கில்தான் வைத்தேன். காப்பிக் கடையில் மாமாவை யாரும் "நீயெல்லாம் ஆம்பளையா?" என்று கேட்கமாட்டார்கள். யாருக்கு நட்டம்? அந்த எண்ணம் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு வரைக்கும்தான் தாங்கியது. வளையல் போடப் போன அக்காவின் தோளைத் தொட்டு, "நீ அப்புறம் வாம்மா" என்றார் ஓர் அத்தை. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. மாமா நாலடி தள்ளி நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பொய்யின் நன்மை ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு. தன் பெயரைக் கொடுத்துவிட அக்காவுக்கு உரிமை உண்டு. அன்போ, பயமோ, அது அவர் முடிவு. ஆனால் ஒருவர் கொடுக்கலாம் என்பதாலேயே மற்றவர் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா? பசியோடு இருக்கும் அம்மா தன் சோற்றை நம் தட்டில் போடலாம். அவருக்குப் பசி என்று தெரிந்தே நாம் சாப்பிடுவது வேறு விஷயம். மாமா கெட்டவர் இல்லை. ஊசி போடும்முன் வயிற்றில் வைக்க ஐஸ் கட்டி எடுத்துத் தருபவர். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வெளியே சொன்னால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, வாக்கு மீறாமல் நான் பேசக்கூடிய ஒரே ஆள் மாமா. அவருக்குத்தான் ஏற்கனவே தெரியுமே.

போன மாதம் ஜாசினில் தே தாரிக் குடிக்கும்போது சொன்னேன். "எனக்குத் தெரியும் மாமா. அன்னிக்கு வளைகாப்புல நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். "அவ சொன்னாளா?" என்றார்.

ஆமாம் என்றேன். காசை அவரே கொடுத்தார். முதல் தடவை கரு தங்கவில்லை, அடுத்த சுற்று மார்ச்சில். லீவு போட்டுவிட்டாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.