பாட்டி பேச்சா, காணொளி பேச்சா?

பிறந்து 3 நாளான குழந்தையின் கண் மஞ்சளாகத் தெரிகிறது. "காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டும்மா, சரியாயிடும்" என்கிறார் பாட்டி. அம்மாவின் கைப்பேசியில் ஒரு மருத்துவரோ, "வெயிலில் வைக்காதீர்கள், கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள்" என்கிறார். நம் வீடுகளில் இது மருத்துவக் கேள்வியோடு நிற்பதில்லை. பெரியவர்களை மதிக்கிறோமா என்ற கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

பாட்டி சொல்வது மூடநம்பிக்கை இல்லைங்க. 1950களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஒரு தாதி, வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் குறைவதைக் கவனித்தார். ஒளி சிகிச்சை வளர்ந்ததே அங்கிருந்துதான். 460 நானோமீட்டர் பக்கமுள்ள நீல ஒளி, தோலிலுள்ள பிலிருபினை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆனால் வெயிலில் எவ்வளவு ஒளி பட்டது, ரத்தத்தில் எவ்வளவு குறைந்தது, யாருக்குத் தெரியும்? (பொறியியல் படிக்கிறவனுக்கு அளக்காததை நம்புவது கஷ்டம்.) "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று காத்திருக்கையில் பிலிருபின் மிக அதிகமாக ஏறினால் மூளை பாதிக்கப்படும், காது கேட்காமலும் போகலாம். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். துணியில் பாச்சை உருண்டை வேண்டாம் என்பதும் அதனால்தான்.

தலையாட்டுவதுதான் மரியாதையா? நான் அப்படி நினைக்கவில்லை. அதற்காக, காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுப் போனால் கடமை முடிந்ததா? மலாயில் வேகமாக ஓடும் 2 நிமிடம் பாட்டிக்கு எப்படிப் புரியும்? பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லணும். "வெயில்ல இருக்கிற அந்த வெளிச்சத்தத்தான் பாட்டி, ஆஸ்பத்திரியில அளந்து கொடுக்கறாங்க" என்றால் அவரே பையை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தாலும் வருவார். வராவிட்டாலும் குழந்தையை அன்றே கொண்டுபோகத்தான் வேண்டும். பாட்டியின் கோபத்தை அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.