நம் வீட்டுக் குழாய் எங்கே போகிறது?

பள்ளிவாசல் ஹவுளில் காகம் எச்சமிட்டால், அதில் ஒளுச் செய்யலாமா என்று ஆலிம்களைத் தேடி ஓடுகிறோம். நல்ல பேணுதல்தான். ஆனால் நம் கக்கூஸ் குழாய் எந்த ஓடையில் விழுகிறது என்று ஒருநாளும் நாம் விசாரிப்பதில்லை!

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலத்தைக் கடக்கையில் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. நிறம், ருசி, வாடை மூன்றில் ஒன்று நஜீஸால் மாறினாலும் ஓடும் நீரும் நஜீஸே என்பது பிக்ஹுச் சட்டம். சாயம் நஜீஸல்ல என்று வாதிப்போர் சாக்கடைக்கு என்ன சொல்வார்கள்? அந்நீரை ருசி பார்க்கத்தான் யார் துணிவார்?

நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. குழாய் வழியே அனுப்பிவிட்டால் அச்சாபம் நீங்கிவிடுமா?

ஏற்காடு போன்ற மலையூரில் மேல்வீட்டார் விடுவது கீழ்வீட்டாரின் ஊற்றில் போய் நிற்கும். அண்டை வீட்டாரின் ஹக்கு அல்லவா இது! பத்து வீட்டார் கூடினால் போதும்: கசடு தங்க ஒரு தொட்டி, அடுத்துச் சரளைக்கல் பரப்பிக் கல்வாழை நட்ட பாத்தி. சரளையில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும்.

முழுமையாகச் சுத்திகரித்து மூன்று தன்மைகளும் மீண்டுவிட்டால் சாக்கடை நீரும் சுத்தமானதே என்று ஸவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978-ல் தீர்ப்பளித்தது. நம் பாத்தி நீர் அத்தரத்தை எட்டாது; ஒளுவுக்கு வேண்டாம், மரங்களுக்கு விடலாம்.