பாவமும் உயிரின் சுதந்திரமும்

தீதென்று அறிந்த ஒன்றை விலக்க விரும்பிய உயிர், விலக்கமாட்டாது மீட்டும் அதன்கண் வீழ்வது என்னை? விலக்கும் ஆற்றல் தனக்கே உண்டெனின், அதற்குத் திருவருள் வேண்டப்படாதாம். இன்றெனின், ஆற்றாத உயிரைக் குற்றமுடையதென்று ஒறுத்தல் நீதியன்றாம். இவ்விடர்ப்பாடு கிறிஸ்து சமயத்திற் பெரிதும் ஆராயப்பட்டது.

உரோமர்க்கு வரைந்த நிருபத்தின் ஏழாம் அதிகாரத்திலே பவுல் என்பார், விரும்பிய நன்மை கைகூடாமையையும், வெறுத்த தீமையே தம்மால் நிகழ்தலையும் கூறி இரங்குகின்றார். வட ஆபிரிக்காவிலே ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராய் விளங்கிய அகுஸ்தீனார் (354–430) இப்போராட்டத்தைத் தம் வாழ்க்கையிலேயே கண்டவர். பதினாறாம் வயதிற் பசியின்றியும் பேரிக்காய் திருடியதை நினைந்து, களவையே விரும்பிக் களவு செய்தமைக்கு அவர் பின்னர் வருந்தினார். 386-ஆம் ஆண்டில் மிலான் நகரிலே மனந்திரும்புமுன், மனம் ஏவிய வழி உடல் இயங்குதலையும், தன்னையே ஏவிய மனம் தனக்குக் கீழ்ப்படியாமையையும் கண்டு வியந்தார்.

அக்காலத்து உரோமையிற் போதித்த பெலேகியர் என்னும் துறவி வேறு கூறினார். இறைவன் விதித்தவற்றைச் செய்யும் ஆற்றல் உயிர்க்கு உண்டு. ஆதாமின் பாவம் பிறரைப் பற்றாது. அது தீய முன்மாதிரியே என்பது அவர் கொள்கை. அகுஸ்தீனாரோ, ஆதாமின் வீழ்ச்சியால் மக்களின் இச்சை பழுதுற்றதென்றும், அருளே முன்வந்து அதனைத் திருத்தல் வேண்டுமென்றும் வாதித்தார். 418-இற் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலேகியர் கொள்கையை விலக்கிற்று. ஆயினும் வாதம் ஓயவில்லை. 1524-இல் எராஸ்முஸ் இச்சையின் சுதந்திரத்தை நாட்ட, 1525-இல் லூத்தர் அதனை மறுத்தார்.

பெலேகியர் முயற்சியைப் போற்றினார். மலத்தின் வலியை உணர்ந்திலர். அகுஸ்தீனார் அவ்வலியை உணர்ந்தார். ஆயின், ஒருவன் செய்த பிழை அன்று பிறந்த குழவியைப் பற்றுதல் யாங்ஙனம்? அருள் சிலரை எடுத்துச் சிலரை விடுதல் யாதுபற்றி? இவற்றிற்கு அவர் இறைவனின் மறைவான தீர்ப்பையே விடையாக்கினார்.

சித்தாந்தத்தில் இவ்விடர்ப்பாடு இல்லை. ஆணவம் செம்பிற் களிம்பென அனாதியே உள்ளது, ஒருவன் பிழையால் வந்ததன்று, இறைவன் தந்ததுமன்று. அஃது உயிரின் இச்சை, அறிவு, செயல்களை மறைப்பதன்றி அழிப்பதன்று. ஞாயிற்றின் ஒளியின்றிக் கண் காணாது. ஆயினும் காண்பது கண்ணே. அதுபோல, உயிர் அருளின்றி அறியாது. ஆயினும் அறிவது உயிரே. ஆகலின் உயிர் முற்றும் தன்வயத்ததுமன்று, சடமுமன்று. அருளும் எல்லா உயிர்க்கும் பொது. விளங்குதலில் வேறுபாடு மலபரிபாகத்தால் வந்தது.

அற்றேல், அனாதியாகிய மலத்திற்கு உயிரை ஒறுப்பது முறையோ எனின், மலமுடைமைக்கு ஒறுப்பில்லை. அதன்வழி நின்று ஈட்டிய வினைக்கே பயன் ஊட்டப்படும். அதுவும் பழிவாங்குதலன்று, நோய் தீர்க்கும் மருந்தேயாம். இறைவனை மருத்துவனாகக் கூறும் வழக்கு அகுஸ்தீனார்பாலும் உண்டு. நோயாளி மருத்துவனை விரும்பிச் சார்தலும், மருந்தை உண்டலும் அவன் செயல். நோய் நீங்குதல் மருந்தின் செயல். முயற்சியும் அருளும் தம்முள் மாறுபடாமை இதனாற் பெறப்படும்.

இன்னும் ஒன்று நோக்கற்பாலது. இருளில் முற்றும் அழுந்தினவன் இருளோடு போராடான். பாவத்திற்கு அஞ்சி அழுபவனிடத்து மலத்தின் கட்டு நெகிழத் தொடங்கிற்று. திரோதான சத்தி அருட்சத்தியாய் மாறுதற்குரிய காலம் அணுகிற்று. அவன் கிறிஸ்துவனாயினும் அக்கண்ணீர் இகழற்பாலதன்று. எந்நெறி நின்றார்க்கும் அந்நெறியிலே முன்னின்று அருள்பவன் சிவபெருமானே என்பது சைவர் துணிபாகலின். வீழ்ந்த சைவனும் தன் வீழ்ச்சியை ஊழின்மேல் ஏற்றி வாளாவிருத்தலும், எழுந்தபோது தானே எழுந்தேனெனத் தருக்குதலும் ஒழிக. முயற்சியைக் கைவிடாமையும், அதனைத் தனதென்னாது இறைபணியாகக் கோடலுமே பாவத்தை வெல்லும் நெறி.