லிஃப்டில் ஏறாத தூரம்

உயர்மாடிக் கட்டடங்களுக்கான விளம்பரங்கள் இப்போது சதுர அடியை மட்டும் விற்பதில்லை, நேரத்தையும் விற்கின்றன. கீழ்த்தளங்களில் கடைகளும் வங்கியும், நடுவில் அலுவலகங்கள், அதற்கு மேலே வீடுகள், உச்சியில் நீச்சல்குளம். எதற்கும் சாலையில் இறங்க வேண்டாம். லிஃப்டில் ஏறி இறங்கினால் போதும். கட்டடக் கலைஞர்கள் இதைக் ‘கலப்புப் பயன்பாடு’ என்கிறார்கள். அலைச்சல் மிச்சம் என்பதுதான் இதன் பெரிய வாக்குறுதி. அந்த அலைச்சல் உண்மையிலேயே இல்லாமல் போகிறதா, வேறொருத்தியின் கால்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே என் கேள்வி.

வீட்டையும் தொழிலையும் கலந்து வைப்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தின் மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்பவர், உப்பு விற்பவர், கள் விற்கும் பெண்கள், பிட்டு விற்பவர், தச்சர், கொல்லர் எல்லோரும் தங்கள் தொழிலோடு குடியிருக்கிறார்கள். அரசனும் அந்தணரும் பெருவணிகரும் வாழும் பட்டினப்பாக்கம் தனியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பகற்சந்தையான நாளங்காடி. வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் ‘நகர வருணனை’ என்று குறித்துக்கொள்வார்கள். எனக்கு அது நில வரைபடமாகவே தெரியும். சந்தையில் கலக்கலாம், குடியிருப்பில் கூடாது என்கிற வரைபடம்.

இருபதாம் நூற்றாண்டின் நகரத் திட்டமிடல் வீட்டை ஒரு பக்கமும் வேலையை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தது. காலையில் ஆண் போவான், மாலையில் திரும்புவான், பெண் வீட்டில் இருப்பாள் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. வேலைக்கும் போய், வழியில் பால் வாங்கி, பிள்ளையை அழைத்துக்கொண்டு, மாமியாருக்கு மருந்தும் வாங்கி வருகிறவளை அந்தக் கணக்குக்குத் தெரியாது. கடையும் காப்பகமும் வீட்டுக்கருகே வருவதைப் பெண்கள் வரவேற்பதில் நியாயம் இருக்கிறது. நானும் வரவேற்கிறேன். ஒரு சின்னத் தயக்கத்தோடுதான். கடைக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் நம் அம்மாக்களில் பலர் வாசலைத் தாண்டினார்கள். கீரைக்கட்டு அரை மணி நேர விடுதலைக்கான அனுமதிச் சீட்டாக இருந்தது. கடை லிஃப்டுக்குள் வந்துவிட்டால் அந்தச் சீட்டும் போய்விடும்.

எது எதோடு கலக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிரான்சின் மார்சேய் நகரில் லெ கொர்பூசியேவின் வடிவமைப்பில் 1947 முதல் 1952 வரை கட்டப்பட்ட ‘யூனிட்டே தபிட்டாசியோன்’ இவ்வகைக் கட்டடங்களில் புகழ்பெற்றது. 337 வீடுகள். நடுமாடிகளில் கடைத்தெருவும் தங்கும் விடுதியும். உச்சியில் மழலையர் பள்ளி, குழந்தைகள் விளையாடச் சிறு குளம். அதன் சமையலறைக்கு முன்மாதிரி வகுத்தவர் ஷார்லோத் பெரியான் என்ற பெண். சமைப்பவள் சுவருக்குப் பின்னால் மறைந்துபோகாமல், கூடத்தில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்யட்டும் என்று அதைத் திறந்து வைத்தார். நல்ல மனம். ஆனாலும் அடுப்பருகே நிற்பவள் அவளேதான். பேச்சுத் துணை கிடைத்தது, கரண்டியை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அதற்கும் முன்பே, 1930 வாக்கில், மாஸ்கோவின் நார்கோம்ஃபின் கட்டடம் இன்னும் துணிந்து பார்த்தது. அங்கே சில வீடுகளுக்கு முழுச் சமையலறையே இல்லை. பொதுச் சமையலறையும் உணவுக்கூடமும் சலவையகமும் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அரசின் மனம் மாறியது. பெண்ணின் கடமை குடும்பம் என்ற பழைய பாட்டே திரும்ப வந்தது.

நான் அறிந்தவரை இந்தக் கேள்விக்கு மிக அருகில் வந்த கட்டடம் சிங்கப்பூரில் 2017இல் திறக்கப்பட்ட ‘கம்போங் அட்மிரல்ட்டி’. கம்போங் என்றால் மலாய் மொழியில் கிராமம். முதியவர்களுக்கென்று 104 வீடுகள். கீழே பொதுமுற்றம், அதற்கு மேல் மலிவு விலை உணவங்காடி, அதற்கும் மேல் மருத்துவ மையம். குழந்தைகள் காப்பகமும் முதியோர் மையமும் பக்கத்துப் பக்கத்தில். சமைப்பது, பிள்ளை பார்ப்பது, மூத்தவரைப் பார்ப்பது என்று வீட்டுக்குள் ஒருத்தி சத்தமில்லாமல் செய்கிற வேலைகளுக்குக் கட்டட வரைபடத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஆனால் அதே ஊரில் மற்றக் குடும்பங்கள் பலவற்றில் இந்த வேலைகளைச் செய்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வந்த பெண்கள். அவர்கள் முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும். சிலர் தூங்குவது குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பாகக் கட்டிய, சன்னலில்லாத சிற்றறையில். வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் அவர்களுக்குப் பூஜ்யம். கதவை மூடிக்கொண்டு ‘இன்று முடிந்தது’ என்று சொல்ல வேறு வீடில்லை.

சென்னையில் கதை தலைகீழ். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே தரைத்தளமும் அதற்கு மேல் ஏழு மாடிகளும். 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடி என்கின்றன தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள். அப்படிப் பார்த்தால் பெரும்பாக்கமும் உயர்மாடிதான். கலப்புத்தான் இல்லை. வீடுகளை அடுக்கினார்கள், பெண்கள் செய்துகொண்டிருந்த வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நடந்து போய்ப் பாத்திரம் துலக்கிவிட்டு, மதியம் பிள்ளைக்குச் சோறு போட வந்தவர்களுக்கு இப்போது பேருந்துப் பயணம். வேலையை விட்டவர்களும் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் போய்வரும் மணி நேரங்களை எந்தப் பயணச்சீட்டும் திருப்பித் தராது.

அந்தப் பேருந்திலிருந்து இறங்குகிறவர்தான் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடத்தின் பதினான்காவது மாடிக்கு வேலைக்கு வருகிறார். பல இடங்களில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு லிஃப்ட் தனி. வேலை முடிந்து போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும்.

சம்பளம் கொடுக்கிறோமே, அப்புறம் என்ன என்று படித்த தோழிகளே கேட்கிறார்கள். சம்பளம் துலக்கிய பாத்திரத்துக்கு. வந்த வழிக்கு யாரும் கொடுப்பதில்லை. நான் கல்லூரிக்கு நேரத்தோடு போக முடிவதும், ஞாயிறு மதியம் கவிதை எழுத உட்கார முடிவதும் இன்னொருத்தி எனக்கு முன்னால் எழுந்து கிளம்புவதால்தான். அவர் நேரத்தை வாங்கி என் நேரமாக்கிக்கொள்கிறேன். இதில் ஆண்கள் எங்கே என்று கேட்டால், இரண்டு வீட்டிலும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணை அடுப்படியிலிருந்து விடுவிப்பது பற்றி இரண்டு பெண்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கிறார்கள். கட்டடம் கட்டுகிறவருக்கும் கணவருக்கும் அதில் பங்கே இல்லை.

கலப்பு என்றால் வேலை செய்கிறவளின் இரவும் அந்த வரைபடத்துக்குள் வர வேண்டும். அதே வளாகத்தில் அவர் வாடகை கொடுக்கக்கூடிய வீடு, தன் பெயரில் சாவியோடு. காப்பகத்தில் பதினான்காவது மாடிக் குழந்தையின் பக்கத்தில் அவர் குழந்தையும். மலையை நகர்த்தும் வேலை அல்ல இது. கார் நிறுத்தம் இத்தனை வேண்டும் என்று விதி சொல்கிறது, அதற்காக இரண்டு அடித்தளம் தோண்டுகிறார்கள். வீட்டுவேலை செய்பவர் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று எந்த விளம்பரப் படத்திலும் நான் பார்த்ததில்லை. நான் போய்வரும் கட்டடங்களில் அவர்கள் தீவிபத்துக்கென்று விட்ட படிக்கட்டில் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.